காலில் பிரஷர் பார்த்த ரிப்போர்ட்: 1.5 என்றால் நல்லதா?

கொட்டகலை மகள்:
அப்பாவுக்கு 66 வயசு. பல வருஷமா சீனி வருத்தம், சுருட்டையும் விடல. டவுன்ல இருந்து லயத்துக்கு ஏறுறப்போ பீலிக்கிட்ட வந்ததும் ரெண்டு கெண்டைக்காலும் இறுக்கிப் பிடிக்குது. கொஞ்சம் நின்னா சரியாகிடும், திரும்ப ஏறுவார். கிளினிக்ல சொல்லி கணுக்கால்ல பிரஷர் பார்த்தோம். கை 140, வலது கால் 104, இடது 210. பக்கத்துல 0.74, 1.5னு இருக்கு. டாக்டரைப் பார்க்க அடுத்த கிழமைதான். இடது கால் சோக்கா இருக்குன்னு அப்பா சொல்றார். அப்போ அது ஏன் வலிக்குது?

ஹட்டன் வாசி:
முதுகு நரம்பா இருக்கும். என் மாமாவுக்கு அதுதான்.

பழைய நர்ஸ், பதுளை:
தம்பி, நரம்புன்னா பெரும்பாலும் குனியணும், இல்ல உட்காரணும், அப்பதான் விடும். இவருக்கு நின்னாலே விடுதே.

மகள், அந்த இடது காலை நம்பாதீங்க. கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால வகுத்த கணக்கு அது. 1.0ல இருந்து 1.4 வரைக்கும் சரி. 0.9, அதுக்குக் கீழேன்னா ரத்தக்குழாய்ல அடைப்பு. வலதுல அதுதான். 1.4ஐத் தாண்டினா ரத்தம் நல்லா ஓடுதுன்னு அர்த்தமில்ல. நாள்பட்ட சீனியில குழாய்ச் சுவர்ல கல்சியம் படிஞ்சு கெட்டியாகிடும். பட்டியை ஊத ஊத அமுங்காது. 250க்கு ஏத்தின பிறகும் டொப்ளர்ல, அதாவது ரத்த ஓட்டச் சத்தம் கேட்கிற கருவியில, 'உஷ் உஷ்'னு கேட்கும், கீழே பார்த்தா விரல் நுனி கறுத்திருக்கும். அப்படி நிறையக் கால் பார்த்திருக்கேன். உள்ளே அடைப்பு இருந்தாலும் அந்த இலக்கம் காட்டிக்கொடுக்காது.

பெருவிரல் பிரஷர் பார்க்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. சின்னப் பட்டி ஒண்ணு விரல்ல சுத்துவாங்க. விரல் குழாய் அவ்வளவா கெட்டியாகாது. அதையும் கை பிரஷரால வகுத்து 0.7க்குக் கீழே வந்தா ஓட்டம் குறைவு.

ராத்திரி படுத்திருக்கப்பவே பாதம் வலிச்சா, புண் ஆறாம இருந்தா, அடுத்த கிழமை வரைக்கும் வச்சிருக்காதீங்க. கால் திடீர்னு வெளுத்துச் சில்லிட்டா உடனே ஆஸ்பத்திரி.

கொட்டகலை மகள்:
நன்றி அக்கா. அதுவரைக்கும் நடக்க விடலாமா?

பழைய நர்ஸ், பதுளை:
புண், ராத்திரி வலி இல்லாட்டி நடக்கட்டும். வலிச்சா நிக்கட்டும், விட்டதும் திரும்ப நடக்கட்டும், அதுவும் வைத்தியம்தான். சுருட்டை விட டாக்டர் வாயால கேட்கணும்னு இல்ல. விரல்ல பார்க்கிற அன்னைக்கு கம்பளி மேஸ் போட்டுக் கூட்டிட்டுப் போங்க. நம்ம குளிர்ல விரல் விறைச்சிருந்தா இலக்கம் பொய்யாக் குறையும்.