638001: கைக்கணக்கிலேயே காரணி பிரிக்க வழி இருக்குங்களா?

மஞ்சமண்டி:
ஈரோடு தலைமைத் தபால் ஆபீஸ் பின்கோடுங்க இது. இலக்கங்களைக் கூட்டினா 18, அதனால 9 போகுது, மிச்சம் 70889. இனி 266 வரைக்கும் இருக்கற பகா எண் ஒவ்வொண்ணையும் வகுத்துப் பாக்கணுங்களா? கம்ப்யூட்டர் 3, 7, 13, 19, 41னு காட்டுது. அஞ்சு பகா எண்ணுன்னா மொத்தக் காரணி 2⁵ = 32 தானே? அது 48ங்குது.

வாய்க்கா மேடு:
வேண்டியதில்லைங்க. 9ஐ எடுக்காம முழு எண்ணையே வெச்சுக்குங்க. வர்க்கமூலம் 798.7 சொச்சம், அடுத்த முழு எண் 799.

799² = 638401
638401 − 638001 = 400 = 20²

ஆக (799 − 20) × (799 + 20) = 779 × 819. 819ங்கறது 9 × 91, அதாவது 3² × 7 × 13. 779ங்கறது 19 × 41. முதல் தட்டுலயே விழுந்துருச்சு. பிரெஞ்சுக் கணிதக்காரர் ஃபெர்மா 1643 வாக்குல 2027651281ஐ இப்படித்தான் 44021 × 46061னு பிரிச்சாரு. 45030ல ஆரம்பிச்சு 12ஆவது எண்ணான 45041ல சிக்குச்சு.

48க்கு வர்றேன். 3க்கு அடுக்கு 2ங்க, அதைத்தான் விட்டுட்டீங்க. (2+1) × 2⁴ = 48. 638001க்குள்ள அதோட 1 தவிரப் பொதுக் காரணி இல்லாத எண்களை எண்ணும்போதும் இதே தப்பு வரும். 9க்கு 6 போடணும், 2 × 2 இல்ல; மத்த பகா எண்ணுக்கு ஒண்ணு குறைச்சுப் போடணும். 6 × 6 × 12 × 18 × 40 = 311040.

நொய்யல் கரை:
அந்த முறை ரெண்டு காரணியும் பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தான் சீக்கிரம் முடியும். கோயமுத்தூர் 641001ஐப் போடுங்க: 801² − 641001 = 600, வர்க்கமே இல்ல. ஆனா இலக்கக் கூடுதல் 12, அதனால 3 சும்மாவே போகும். சின்னப் பகா எண்ணுகளை முதல்ல கழிச்சுட்டுத்தான் ஃபெர்மாகிட்டப் போகணும்.

7, 11, 13 மூணுக்கும் ஒரே சோதனை போதும், 7 × 11 × 13 = 1001ங்கறதால. கடைசி மூணு இலக்கத்துல முன் மூணைக் கழிங்க: 1 − 638 = −637. 637 = 7² × 13. அதனால 7, 13 போகும், 11 போகாது. 637ல 7 ரெண்டு தடவை இருக்கேன்னு 638001ஐ 49ஆல வகுக்கப் போயிராதீங்க. 1001ல ஒரு 7 தான் இருக்கு, சோதனை அதுக்கு மேல எதுவும் சொல்லாது.

நம்ம திருப்பூர் 641601 இன்னும் அழகு: அச்சா 801², அதாவது 3⁴ × 89². காரணி 15, ஒற்றைப்படை. முழு வர்க்கத்துக்கு மட்டுந்தான் அப்படி வரும். 89 = 8² + 5²ங்கறதால 351² + 720² = 801²னும் எழுதலாம். ஈரோட்டு எண்ணை அப்படி ரெண்டு வர்க்கத்தோட கூடுதலா எழுத முடியாது. 4ஆல வகுத்தா மீதி 1 வரும், அதை நம்பி ஏமாறுவாங்க. 7, 19 ரெண்டும் மீதி 3 தர்ற பகா எண்ணுங்க, அடுக்கும் ஒற்றை; அப்படி ஒண்ணு இருந்தாலே முடியாது.

மஞ்சமண்டி:
இந்த ஃபெர்மா முறையைப் பைத்தான் நிரல்மொழில எழுதினா 20 இலக்க எண்ணுக்குத் தப்பா வருதுங்களே?

வாய்க்கா மேடு:
சாதா வர்க்கமூலம் தசம எண்ணாத் தரும். 2⁵³ = 9007199254740992 தாண்டினா முழு எண் எல்லாம் அதுல துல்லியமா நிக்காது. மேத் தொகுப்புல முழு எண் வர்க்கமூலம் தர்ற ஐஎஸ்க்யூஆர்டி (isqrt) இருக்கு (பைத்தான் 3.8 பதிப்புலருந்து), அதைப் போட்டு, வந்த விடையைத் திரும்ப வர்க்கப்படுத்திச் சரி பாருங்க.