"நேரா என்னையத்தானுங்க பாத்தீங்க?"

புளியமரச்சாலை (தொடக்கப் பதிவு)

போன மாசியில் ஒரு நாள் காலை, மணி ஆறரை இருக்கும். தோட்டத்திலிருந்து வரும் சின்னச் சாலையை விட்டு தாராபுரம் ரோட்டில் ஏறி வலதுபக்கம் திரும்ப வேண்டும். பதினெட்டு வருடமாகத் திரும்புகிற இடம். வலதுபக்கம் பார்த்தேன், இடதுபக்கம் பார்த்தேன், மறுபடி வலது. லாரி இல்லை, பஸ் இல்லை, பைக் இல்லை. வண்டியை முழுக்க நிறுத்தவில்லை, மெதுவாக உருண்டுகொண்டே இருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். பானட்டுக்கு நேர் முன்னால் ஒரு சைக்கிள்.

இருபுறமும் பால்கேன் தொங்கும் சைக்கிள். பெரியவர் பிரேக்கைப் பிடித்து, சாய்ந்து, கேனோடு விழுந்தார். வண்டி அவர் மேல் படவில்லை, ஒரு முழம் இடைவெளி இருந்தது. முழங்காலில் ரத்தம். ஒரு கேனின் மூடி கழன்று தார்ரோட்டில் பால் ஓடியது. ஓடிப்போய்த் தூக்கி, மரத்தடியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவர் திட்டவே இல்லை. ஒன்றுதான் கேட்டார்: "ஏனுங் தம்பி, நேரா என்னையத்தானுங்க பாத்தீங்க? பாத்துப்போட்டுத்தான வண்டியை எடுத்தீங்க?"

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. அவர் சொன்னது உண்மை. என் முகம் அவர் பக்கம் திரும்பியதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். நான் சொன்னதும் உண்மை. எனக்கு அந்த ரோட்டில் ஆளே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனைச் சைக்கிளோடு கூட்டிக்கொண்டு அதே இடத்துக்குப் போனேன். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவனை வலதுபக்கத்திலிருந்து மெதுவாக வரச் சொன்னேன். இருபது மீட்டர் தூரத்தில் அவன் காணாமல் போனான். முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் சாய்வாக ஒரு தூண் இருக்கிறதே, ஏ பில்லர் என்பார்கள், அதற்குப் பின்னால் பையனும் சைக்கிளும் போய்விட்டார்கள். முன்சக்கரத்தின் விளிம்பு மட்டும் தெரிந்தது. தலையை ஒரு சாண் முன்னால் நீட்டியதும் முழுசாகத் தெரிந்தான். அன்றைக்கு நானும் உருண்டுகொண்டிருந்தேன், அவரும் வந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் போய்ச் சேரும்படி சீராக நெருங்கினால் ஒருவருக்கொருவர் கோணம் மாறாது. தூணுக்குப் பின்னால் இருப்பவர் கடைசிவரை தூணுக்குப் பின்னாலேயே வருவார். கப்பல் ஓட்டுகிறவர்களுக்கு இது பழைய பாடம்: திசைக்கோணம் மாறாமல் நெருங்கி வரும் கப்பல்தான் மோத வரும் கப்பல்.

தூண் மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் ரோட்டில் புளியமரங்களுக்கு வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்திருக்கிறார்கள். பெரியவர் வெள்ளை வேட்டி. விடியற்காலையில் அந்த வரிசையில் அவரும் ஒரு மரம். அதோடு கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிறது. தாவும் அந்த நொடித்துளியில் மூளை காட்சியை மறைத்துவிடுகிறது. நம்பாதவர்கள் கண்ணாடி முன்னால் நின்று தங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கண் அசைவது உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். நமக்குக் கூர்மையாகத் தெரியும் இடமோ, கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைக்கிற அளவுதான். மீதியை மூளை தானே வரைந்து நிரப்புகிறது. நான் வலது, இடது, வலது என்று தலையை வீசியபோது எத்தனை இடத்தில் என் கண் உண்மையில் நின்றிருக்கும்? இரண்டு, மிஞ்சினால் மூன்று.

இப்போது அந்த இடத்தில் வண்டியை முழுக்க நிறுத்துகிறேன். உடம்பை முன்னால் சாய்த்து ஒருமுறை, பின்னால் சாய்ந்து ஒருமுறை பார்க்கிறேன். கிட்டே, நடுவில், தூரத்தில் என்று மூன்று இடத்தில் கண்ணை நிறுத்துகிறேன். "சைக்கிள் இருக்கிறதா" என்று வாய்விட்டே கேட்டுக்கொள்கிறேன். இதுபோல் "பார்த்தும் தெரியாத" அனுபவம் உங்களுக்கும் இருந்தால், ஓட்டியவராக இருந்தாலும் சரி, தப்பியவராக இருந்தாலும் சரி, எழுதுங்கள்.

நாமக்கல் பத்துச்சக்கரம்

அண்ணா, லாரி மாதிரி ஹெவி ஓட்டறவங்களுக்கு இது தினமும் நடக்கற விஷயம். ஒரு ஊர்ல சிக்னல்ல நின்னேன், லெஃப்ட்ல திரும்பணும். இண்டிகேட்டர் போட்டாச்சு, இடது கண்ணாடியப் பார்த்தாச்சு, காலி. வலது பக்கம் ஒரு பஸ் ஆரன் அடிச்சுக்கிட்டே உரசற மாதிரி வந்தான். கண்ணு பூரா அவன் மேலயே போயிருச்சு. பச்சை விழுந்துச்சு, ஒரு அடி எடுத்திருப்பேன், எங்க கிளீனர் கதவுல டப்பு டப்புன்னு தட்டினான். எங்களுக்குள்ள ஒரு தட்டுன்னா போலாம், விடாம தட்டினா நில்லு. நிறுத்தி எட்டிப் பார்த்தா முன்சக்கரத்துக்கு ஒட்டி ரெண்டு பள்ளிக்கூடப் பொண்ணுங்க, சைக்கிள்ல, ஒரு கால ஊனிக்கிட்டு பேசிக்கிட்டு நிக்குதுங்க. கண்ணாடியில அந்த இடம் விழவே விழாது. நான் கண்ணாடியப் பார்க்கும்போது அதுங்க பின்னால எங்கயோ வந்துட்டு இருந்திருக்கும், பஸ்ஸப் பார்த்த நேரத்துல முன்னால ஏறியிருச்சுங்க.

ரெண்டு பொண்ணுங்களும் என்னைப் பார்த்து சிரிச்சுதுங்க, அண்ணா. லாரிக்காரருக்குத் தெரியும்னு நினைச்சுட்டு நின்னிருக்கு. எனக்குக் கை நடுங்கி ரோட்டோரமா அரைமணி நேரம் வண்டியப் போட்டுட்டேன்.

இப்ப நிறைய வண்டியில கிளீனர் கிடையாது. சம்பளம் மிச்சம்னு எடுத்துட்டாங்க. எனக்கு அது ஒரு கண்ணைப் பிடுங்கின மாதிரி. சைக்கிள்ல போற பிள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்லுங்க: லாரி டிரைவர் மூஞ்சி உங்களுக்குத் தெரியலன்னா, நீங்க அவனுக்குத் தெரியல.

எக்ஸ்ரே அறை

நான் ரேடியாலஜி மருத்துவர், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்பவள். தொடக்கப் பதிவில் அந்தப் பெரியவர் கேட்டதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்தது. எங்கள் துறையில் அதே கேள்வியை ஓர் ஆய்வாகவே செய்திருக்கிறார்கள்.

1999இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு வீடியோவைக் காட்டினார்கள். வெள்ளைச் சட்டையில் மூன்று பேர், கறுப்புச் சட்டையில் மூன்று பேர் பந்து போட்டு விளையாடுவார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டும். நடுவில் கொரில்லா உடை போட்ட ஒருவர் நடந்து வந்து, மார்பில் அடித்துக்கொண்டு போவார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கொரில்லா தெரியவில்லை. படிக்கும் காலத்தில் வகுப்பில் பார்த்தபோது எனக்கும் தெரியவில்லை. திரும்பப் போட்டுக் காட்டியபோது வேறு வீடியோ என்றே வாதிட்டேன்.

2013இல் இதையே ரேடியாலஜிஸ்டுகளிடம் செய்தார்கள். நுரையீரல் சிடி ஸ்கேனில் சின்னக் கட்டிகளைத் தேடச் சொல்லி, படத்துக்குள் ஒரு கொரில்லா உருவத்தைப் பதித்துவைத்தார்கள். கட்டியின் சராசரி அளவைப்போல் 48 மடங்கு பெரிது. 24 பேரில் 20 பேர் காணவில்லை. அவர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்தும் பார்த்தார்கள். காணாதவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் கண் நேராகக் கொரில்லாவின் மேலேயே விழுந்திருந்தது. நேரா என்னையத்தானே பார்த்தீங்க என்று அந்தக் கொரில்லாவும் கேட்கலாம். கண் போய்ச் சேர்ந்த பிறகும் அவர்கள் தேடிக்கொண்டிருந்தது கட்டியைத்தான்.

இவ்வளவும் தெரிந்த நானே சென்னை இந்திரா நகரில் ஒரு சைக்கிளின் கேரியரில் ஸ்கூட்டரைக் கொண்டுபோய் முட்டினேன். ஒரு வீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். குறுக்குத் தெருக்களை எண்ணிக்கொண்டே போனேன். மூன்று, நான்கு, ஐந்து. முன்னால் பேப்பர் போடும் பையன். மெதுவாகப் போனதால் இரண்டு பேருக்கும் அடியில்லை, பேப்பர்தான் ரோடெல்லாம் சிதறியது. நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், வகுப்பில் பந்தை எண்ணியது போலவே. இப்போது வழி தேட வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்தித்தான் தேடுகிறேன்.

ஓய்வுபெற்ற தபால்

முப்பத்தோரு வருடம் சைக்கிளில் தபால் கொடுத்தவன் நான். மருத்துவர் அம்மா சொன்ன ஆராய்ச்சியெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் கார்க்காரரின் கண்ணை நம்பக் கூடாது என்பதைச் சர்வீஸில் சேர்ந்த மூன்றாம் மாதமே கற்றுக்கொண்டேன். ஒருவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார் என்று நினைத்துக் குறுக்கே போனேன். அவர் ரேடியோ பாட்டுக்குத் தலையாட்டியிருக்கிறார். காலர் எலும்பு உடைந்தது.

அதன்பிறகு நான் பார்ப்பது வண்டியின் முன்சக்கரத்தை. சக்கரம் நின்றால் நிற்கிறார், உருண்டால் வருகிறார். முகம் ஏமாற்றும், சக்கரம் ஏமாற்றாது.

இன்னொன்று. அந்தக் காலத்தில் பின் மட்கார்டின் அடிப்பகுதியில் வெள்ளைப் பெயின்ட் அடித்து, சிவப்பு வில்லை வைத்திருப்போம். டைனமோ எரியாவிட்டால் போலீஸ் பிடித்துக் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை. லாரிகளின் பின்னால் ஒட்டும் மினுங்கும் டேப்பை வாங்கி முதலில் மட்கார்டில் ஒட்டினேன். பிறகு பெடலின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒட்டிப் பார்த்தேன். அன்றிலிருந்து பின்னால் வரும் வண்டிகள் தூரத்திலேயே ஒதுங்கத் தொடங்கின. மட்கார்டில் ஒட்டியது ஒரு புள்ளி. பெடலில் ஒட்டியது மேலும் கீழும் ஏறி இறங்கும். மனிதன் போகிறான் என்று உடனே தெரிகிறது.

எக்ஸ்ரே அறை

ஐயா, நீங்கள் அனுபவத்தில் கண்டதை ஆய்விலும் கண்டிருக்கிறார்கள். இரவில் மார்பில் மட்டும் மினுங்கும் பட்டை போட்டவரைவிட, கணுக்காலிலும் முழங்காலிலும் சேர்த்துப் போட்டுச் சைக்கிள் மிதிப்பவரை ஓட்டுநர்கள் அதிகமாக அடையாளம் காண்கிறார்கள். மனித அசைவைப் பிடிப்பதில் நம் கண் அவ்வளவு பழகியிருக்கிறது.

ஈஸ்ட் ஹாம் மினிகாப்

நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில மினிகாப் எண்டு வாடகைக் கார் ஓடுறன். இஞ்ச எனக்கு நடந்தது கதவால. ஒரு ஆளை இறக்கிப்போட்டு, சூட்கேஸ் எடுத்துக் குடுப்பம் எண்டு அவசரத்தில என்ர பக்கக் கதவைத் திறந்தன். சைட் கண்ணாடியில கார் வருதோ எண்டுதான் பார்த்தனான், கார் வரேல்லை. ஒரு பெட்டை சைக்கிளில வந்து கதவு விளிம்பில கை அடிபட்டு விழுந்திட்டா. நல்ல காலம், பின்னுக்கு பஸ் வரேல்லை.

2022 ஜனவரி 29 தொடக்கம் இந்த நாட்டு வீதி விதிப் புத்தகத்தில ஒரு விசயம் சேர்த்திருக்கினம்: கதவுக்குத் தூரமா இருக்கிற கையால திறக்கச் சொல்லி. வலப்பக்கக் கதவெண்டா இடக்கையால. அப்பிடித் திறக்கேக்க தோள் தன்பாட்டில திரும்பும், தலையும் பின்னால திரும்பும். ஒல்லாந்து நாட்டுப் பழக்கம் எண்டு சொல்லுவினம். உங்களுக்கும் ஸ்டியரிங் வலப்பக்கம்தானே, அப்பிடியே பொருந்தும். என்ர பிள்ளையளுக்கும் காரில ஏறின நாள் முதல் பழக்கியாச்சு.

தம்பியின் அக்கா

எல்லாவற்றையும் படித்தேன். எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் தம்பி பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிளில் டியூஷன் முடிந்து வந்துகொண்டிருந்தான். நான்குவழிச் சாலையைக் கடக்கும் இடத்தில் கார் அடித்துவிட்டது. அந்த ஓட்டுநர் கோர்ட்டில் "சத்தியமாப் பார்க்கலை" என்று சொன்னார். பொய் என்று நினைத்தேன். இத்தனை வருடமும் அவரைப் பொய்யர் என்றே நினைத்து வெறுத்தேன். இங்கே படித்த பிறகு, அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது. அதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணின் குறை, மூளையின் குறை என்று பேசிப் பேசி யாரும் குற்றமில்லாதவர் ஆகிவிட வேண்டாம். ஊர் இருக்கிறது, பள்ளி இருக்கிறது என்று போர்டு வைத்த இடம் அது. அங்கே அவ்வளவு வேகத்தில் வந்தது கண்ணில்லை, கால்.

புளியமரச்சாலை

அக்கா, நீங்கள் சொல்வதுதான் சரி. அறுபது கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல். கண் தவறவிட்டதைத் திரும்பிப் பார்க்க அந்த வேகம் நேரம் தருவதில்லை. என் கண் தவறியது அன்றைக்கு என் கையில் இல்லை. வண்டியை முழுக்க நிறுத்தாமல் உருட்டிக்கொண்டே வந்தது என் கையில் இருந்தது. பால்காரப் பெரியவரிடம் "தெரியலைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இதையும் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

தம்பியின் அக்கா

சொல்லுங்கள்.

தபால்காரர் ஐயா, என் மகன் இந்த வருடம் பதினொன்றாம் வகுப்பு. பள்ளியில் சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் அவனை ஓட்ட விடவில்லை. அந்த டேப் பெடலில் நிற்குமா? மழையில் உரிந்துவிடாதா?

ஓய்வுபெற்ற தபால்

நிற்கும் அம்மா. பெடலை முதலில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு போனதும் சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். டேப்பை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, மூலைகளை வட்டமாகக் கத்தரித்துவிடுங்கள். மூலை கூராக இருந்தால்தான் உரியும். முன்னும் பின்னுமாகப் பெடலுக்கு இரண்டு, பின் மட்கார்டுக்கு ஒன்று. கேரியரின் இரண்டு பக்கமும் ஒட்டுங்கள், அவன் சாலையைக் கடக்கும்போது பக்கவாட்டில் தெரிய வேண்டுமல்லவா. ஒட்டி முடித்ததும் ராத்திரியில் அவனை வாசலில் ஓட்டச் சொல்லி, தெருமுனையில் நின்று டார்ச் அடித்து நீங்களே பாருங்கள்.