கண்டி ஏரிக்கரையில் அம்மாவோடு மூன்று நாள், சொதியைத் தேடி

இலங்கையில் கண்டிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் புத்தரின் பல்லை வைத்திருக்கிற தலதா மாளிகையைக் கும்பிட்டுவிட்டு, ஏரியைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு, மறுநாள் நுவரெலியாவுக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். நானும் அம்மாவும் 2024 மே மாதம் மூன்று நாள் முழுக்கக் கண்டியிலேயே இருந்தோம், அதுவும் சாப்பிடுவதற்காகவே.

காரணம் அம்மாவின் சொதி, தேங்காய்ப் பாலில் வைக்கிற குழம்பு. எங்களுக்குத் திருநெல்வேலி. மறுவீட்டு விருந்து என்றால் சொதியும் இஞ்சிப் பச்சடியும் இல்லாமல் இலை போடமாட்டார்கள். அந்தச் சொதி இலங்கையிலிருந்து வந்தது என்று ஊரில் பெரியவர்கள் சொல்லுவார்கள். அம்மா ஐம்பது வருஷமாக அதை வைத்துக்கொண்டிருக்கிறாள். "அங்க எப்படித்தான் வைக்கிறாங்கன்னு ஒரு தடவை சாப்பிட்டுப் பார்க்கணும்ட்டீ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா போனபிறகு அம்மாவாக ஒன்றைக் கேட்டது இது ஒன்றுதான்.

கொழும்பு கோட்டையிலிருந்து ரயில், 121 கிலோமீட்டர், ஏறக்குறைய மூன்று மணி நேரம். ரம்புக்கனை தாண்டியதும் மலை ஏறத் தொடங்கும், அப்போது ஜன்னல் பக்கம் இருந்தால் பாக்கியம். இறால் வடை விற்கிறவர் பெட்டிக்குள் வந்தார், வடையின் முதுகில் முழு இறால் ஒட்டிக்கொண்டிருக்கும், சூடாக இரண்டு சாப்பிட்டேன். அம்மா சைவம், அதனால் அவளுக்குக் கடலை.

இங்கே முக்கியமான ஒரு விஷயம், சைவக்காரர்கள் கவனியுங்கள். இலங்கையில் தேங்காய்ச் சம்பல், கட்டைச் சம்பல், சீனிச் சம்பல், வல்லாரைச் சம்பல், சில இடங்களில் சொதியிலும்கூட மாசி போடுவார்கள். மாசி என்றால் சூரை மீனை அவித்துக் காயவைத்த கட்டைக் கருவாடு, தூத்துக்குடிப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். நம் ஊரில் பெருங்காயம் போடுகிற மாதிரி அவர்கள் அதை ஒரு சிட்டிகை போட்டுவிடுகிறார்கள், அதை மீன் என்றே அவர்கள் கணக்கில் வைப்பதில்லை. "சைவமா?" என்று கேட்டால் "ஓம், சைவம்தான்" என்பார்கள், பொய் சொல்லுகிறார்கள் என்று அர்த்தம் இல்லை. "மாசி போட்டிருக்கா?" என்று பேர் சொல்லிக் கேட்கவேண்டும். சிங்களத்தில் "உம்பலகட எப்பா" என்றால் மாசி வேண்டாம். முதல் நாள் மதியம் இது தெரியாமல் ஒரு சாப்பாட்டுக் கடையில் அம்மா முதல் வாய்ச் சம்பலை வைத்ததும் நிறுத்திவிட்டாள். கோபப்படவில்லை, எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து வெறும் சோற்றில் பருப்பை ஊற்றிச் சாப்பிட்டாள். எனக்கு மனசு கனத்துவிட்டது. அந்தப் பருப்பை அங்கே மைசூர்ப் பருப்பு என்கிறார்கள், தேங்காய்ப் பாலில் வெந்த செந்நிறப் பருப்பு.

சாயங்காலம் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். 1807ல் வயலாகக் கிடந்த இடத்தில் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டிய ஏரி. 1815ல் வெள்ளைக்காரன் அவரைப் பிடித்து, மறு வருஷம் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பிவிட்டான், அங்கேயே 1832ல் இறந்தார், சமாதி வேலூரில்தான் இருக்கிறது. ஏரிக்குச் சிங்களத்தில் கிரி முகுத, பாற்கடல் என்று பேர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அரைகுறைத் தமிழில் சொன்னார்: கிரி என்றால் பால், கிரிபத் என்றால் பாற்சோறு, கிரி ஹொதி என்றால் பால் சொதி. அம்மா "ஹொதி, சொதி" என்று இரண்டு மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு என்னை எழுப்பிவிட்டாள். கண்டியில் சாப்பிட நினைக்கிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதுதான், காலையில் எழுந்துவிடுங்கள். அறையோடு சேர்த்துத் தருகிற ரொட்டி, ஜாம், ஆம்லெட்டை நம்பித் தூங்கினால் ஊரின் நல்ல சாப்பாடு அத்தனையும் உங்களுக்குத் தெரியாமலே முடிந்துவிடும். ஏரியைச் சுற்றி நடக்கிறவர்கள் நின்று குடிக்கிற இலைக்கஞ்சி, கொல கெந்த என்பார்கள், வல்லாரை மாதிரி ஏதாவது ஒரு இலையை அரைத்துப் பிழிந்த சாற்றில் பச்சரிசியும் தேங்காய்ப் பாலும் சேர்த்த பச்சைக் கஞ்சி. கையில் ஒரு துண்டு கித்துள் (கூந்தல்பனை) கருப்பட்டி தருவார்கள், அதைக் கடித்துக்கொண்டே ஒவ்வொரு வாயாகக் குடிக்கவேண்டும். உப்பும் கசப்பும் இனிப்பும் சேர்ந்து இறங்கும்போது மூடுபனியில் நடந்த குளிரெல்லாம் போய்விட்டது. மாளிகையிலிருந்து மேளச் சத்தம் தண்ணீர் மேல் வந்துகொண்டிருந்தது.

அப்புறம் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியில் ஒரு சின்ன அப்பக்கடை. நாற்பது வயதிருக்கும் ஒரு அக்கா, மூன்று அடுப்பில் மூன்று குழிச்சட்டி வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார். ஒரு கரண்டி மாவு, சட்டியைப் பிடித்து ஒரே சுழற்று, மூடி. திறந்தால் ஓரம் தாள் மாதிரி மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சு. தமிழ் கேட்டதும் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "சம்பல்ல மாசி இருக்காம்மா?" என்றாள்.

"இருக்குதும்மா. நீங்க மரக்கறியா? செத்த உக்காருங்க, போடாம அரைச்சுத் தாறேன்."

அவர் செய்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அரைத்து வைத்திருந்த சம்பலை ஒரு கிண்ணத்தில் வழித்தார். அம்மியை மூன்று செம்பு தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினார், குழவியைத் தனியாகக் கழுவினார், பிறகு முகர்ந்து பார்த்தார். திருப்தி இல்லை போல, கொஞ்சம் உப்பை வைத்து ஒரு தடவை அரைத்து அதையும் கழுவி ஊற்றினார். அதற்குப் பிறகுதான் வற்றலும் சின்ன வெங்காயமும் உப்பும் வைத்து அரைத்துத் தேசிக்காய் (நம் எலுமிச்சை) பிழிந்தார். கடையில் ஆறேழு பேர் அப்பத்துக்காகக் காத்திருந்தார்கள், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அம்மா மூன்று அப்பம் சாப்பிட்டாள். வீட்டில் இரண்டு இட்லிக்கு மேல் தொடாதவள்.

பேச்சு வளர்ந்தது. அவருடைய கொள்ளுத்தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவராம். ஊர்ப் பேர் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப இரண்டு அரசும் 1964ல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு பெரியப்பா குடும்பம் கப்பலேறிவிட்டது, இவர்கள் இருந்துவிட்டார்கள். அம்மா சொதியைப் பற்றிக் கேட்டாள். அக்காவின் சொதியில் பருப்பே கிடையாது. தண்ணீர்ப் பாலில் வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை இலை, வெந்ததும் முதல் பால், கடைசியில் புளிப்பு. அம்மா தன்னுடையதைச் சொன்னாள், மூன்று பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், பீன்ஸ், கேரட், இஞ்சிச் சாறு. அக்கா ஆச்சரியப்பட்டுவிட்டார். "பருப்புப் போடுவீங்களா? அது பருப்புக் கறியாகிடாதா?"

அன்றைக்கு மே 23, வெசாக், புத்தர் பிறந்த பௌர்ணமித் திருநாள். இது தெரியாமல்தான் டிக்கெட் போட்டிருந்தேன். இறைச்சிக் கடையும் மதுக்கடையும் மூடல், நான் ஆசையாக வைத்திருந்த கோழிக் கொத்து ரொட்டி அந்த முறை அமையவில்லை (முட்டைக் கொத்துதான், அதுவும் நன்றாகவே இருந்தது). ஆனால் வெசாக்கில் தன்சல் உண்டு. நம் அன்னதானப் பந்தல் மாதிரி, தெருவுக்குத் தெரு. கொடியை ஆட்டி வண்டிகளை நிறுத்தி வாங்க, சாப்பிடுங்க என்று கூப்பிடுகிறார்கள். ஓர் இடத்தில் அவித்த மரவள்ளியும் தேங்காய்ப்பூவும், இன்னோர் இடத்தில் பெலிமல் என்று ஒரு பானம். அது வில்வப் பூவைக் காயவைத்துக் கொதிக்கவைத்தது என்று தெரிந்ததும் அம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தாள். வரிசையில் யார், எந்த மதம், எந்த ஊர் என்று ஒரு கேள்வி கிடையாது. இரவு மழை தூறிக்கொண்டிருந்தது, கரை முழுக்க வெசாக் கூடுகள் என்கிற காகித விளக்குகள், அதன் வெளிச்சம் தண்ணீரில்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சுற்றுலாப் பயணிகளுக்கான ஒரு கடையில் கித்துள் கருப்பட்டி என்று அழகான பெட்டியில் வாங்கினேன். அறைக்கு வந்து அம்மா நகத்தால் சுரண்டி மோந்து பார்த்துவிட்டு "சீனி கலந்திருக்கு" என்று ஓரமாக வைத்துவிட்டாள். பனங்கருப்பட்டியோடு வளர்ந்தவளுக்கு இதைச் சொல்ல ஆள் வேண்டியதில்லை. நல்லது லேசாகப் புகை வாசம் அடிக்கும், விண்டால் மெத்தென்று உதிரும். சீனி கலந்தது கல் மாதிரி இறுகி, உடைத்த இடத்தில் மினுங்கும். மூன்றாம் நாள் மத்திய சந்தையில் ஒரு வியாபாரி தானாகவே ஒரு துண்டை உடைத்துக் கையில் கொடுத்தார். நம் ஊர் மாதிரியே சிரட்டையில் ஊற்றி எடுத்தது, இரண்டு சிரட்டை சேர்த்து இலையில் கட்டியிருந்தது. இரண்டு கிலோ வாங்கினோம். கித்துள் பாகை, பாணி என்பார்கள், மண்சட்டி எருமைத் தயிரில் ஊற்றித் தருவார்கள், அதைச் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். இந்திய ரூபாய் ஒன்றுக்கு அப்போது இலங்கை ரூபாய் மூன்றரைக்கு மேல், அதனால் செலவு பயப்படும்படி இல்லை.

கிளம்புகிற அன்று ரயிலுக்கு முன்னால் அப்பக்கடைக்குப் போனோம், சொல்லிக்கொண்டு வரலாம் என்று. அக்கா எங்களுக்காகவே காத்திருந்திருக்கிறார். பாசிப்பருப்பு கைவசம் இல்லாமல் முழுப் பயற்றை வறுத்து, உடைத்து, தோலைப் புடைத்து, அம்மா சொன்ன மாதிரியே முருங்கைக்காய் போட்டுத் திருநெல்வேலிச் சொதி வைத்திருந்தார். இடியாப்பத்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றார். அம்மா ஒரு வாய் சாப்பிட்டாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

"இஞ்சி கொஞ்சம் கூட இருக்கலாம். எலுமிச்சையை அடுப்பை அணைச்ச பிறகுதானே பிழிஞ்ச?"

"ஆமாம்மா. இங்கயும் அப்படித்தான்."

"அதான் திரியல" என்று சொல்லி அம்மா தட்டை இன்னொரு கரண்டிக்கு நீட்டினாள்.