80 ஜிபி வன்தட்டை எஃப்டிஸ்க் 10 ஜிபி என்று காட்டுகிறது – விண்டோஸ் 98 கணினி, உதவி தேவை

கேள்வி

வணக்கம். சிறிய அச்சகம் ஒன்றை நடத்தி வருகிறேன். திருமண அழைப்பிதழ்களையும் கோயில் விழா நோட்டீசுகளையும் தட்டச்சு செய்ய, பெண்டியம் 3 கணினி ஒன்றில் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பை இன்றும் பயன்படுத்துகிறேன். எங்கள் தமிழ் எழுத்துரு மென்பொருள் பிரிண்டர் போர்ட்டில் செருகும் பூட்டுடன் வந்தது. அது புதிய விண்டோஸ்களில் இயங்காது என்பதால் கணினியை மாற்ற வழியில்லை. பழைய 10 ஜிபி வன்தட்டு சில நாட்களாக டக் டக் என்று சத்தமிடுகிறது. ஆகவே பயன்படுத்திய 80 ஜிபி ஐடிஈ வன்தட்டு ஒன்றை வாங்கி, அதை மாஸ்டராகவும் (முதன்மை வட்டு) பழையதை ஸ்லேவாகவும் (துணை வட்டு) ஒரே கேபிளில் இணைத்து, வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க் கருவியை விண்டோஸ் 98 ஸ்டார்ட்டப் பிளாப்பியிலிருந்து இயக்கினேன்.

முதல் வட்டின் அளவு 10,780 எம்பி என்றும் இரண்டாவது வட்டின் அளவு 9,540 எம்பி அளவிலும் காட்டுகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால், எது புதியது எது பழையது என்றே எனக்குத் தெளிவாகவில்லை. விற்றவரைக் கேட்டபோது வட்டு பழுதாக இருக்கலாம், கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறேன் என்றார். கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரையில் மட்டும் 80 ஜிபி என்றே வருகிறது. இதுவரை எதையும் உருவாக்கவில்லை. எஸ்கேப் அழுத்தி வெளியே வந்துவிட்டேன். கிடைக்கும் 10,780 எம்பி எனக்குப் போதும். அப்படியே பார்ட்டிஷனை (வட்டின் பகுதியை) உருவாக்கிவிட்டு, சி டிரைவை வெறுமையாக்கித் தயார்செய்ய ஃபார்மட் சி என்று கொடுக்கலாமா?

முதல் பதில்

ஐயா, உங்கள் வட்டு நன்றாக இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். விண்டோஸ் 98-உடன் வந்த எஃப்டிஸ்க், வட்டின் அளவைக் கணக்கிடும்போது சில இடங்களில் 16 பிட் எண்களைப் பயன்படுத்துகிறது. 16 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண் 65,535 என்பதால், 65,536 எம்பியைத் தொட்டதும், அதாவது 64 ஜிபி ஆனதும், கணக்கு மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கிவிடுகிறது. விற்பனையில் 80 ஜிபி எனப்படும் வட்டு, எஃப்டிஸ்க் எண்ணும் முறையில் சுமார் 76,316 எம்பி. அதிலிருந்து 65,536-ஐக் கழித்துப் பாருங்கள். மீதி 10,780 வரும். நீங்கள் கண்ட எண் துல்லியமாக அதுதான்.

இந்தக் குறையை மைக்ரோசாஃப்ட் 263044 என்ற எண்ணிட்ட ஆவணத்தில் ஒப்புக்கொண்டு, திருத்திய எஃப்டிஸ்க் கோப்பையும் வெளியிட்டது. அந்தக் கோப்பை உங்கள் ஸ்டார்ட்டப் பிளாப்பியில் பழைய கோப்பின் மேல் பதிந்துகொண்டால் 76,000 எம்பிக்கு மேல் காட்டும். தவறான எண்ணைக் காட்டும் கருவியைக் கொண்டு பார்ட்டிஷன் அட்டவணையை எழுதுவது சரியல்ல. 10 ஜிபி போதும் என்றாலும் அந்தக் கருவியால் தொடர வேண்டாம்.

பயாஸ் 80 ஜிபி என்று காட்டுவது நல்லது. 1999-க்கு முந்தைய சில பயாஸ்கள் 32 ஜிபிக்கு மேற்பட்ட வட்டைக் கண்டதும் அப்படியே நின்றுவிடும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 137 ஜிபியில் இன்னொரு எல்லை இருக்கிறது, 80 ஜிபி அதற்கும் உட்பட்டதே.

இரண்டாம் பதில்

மேலே சொன்ன கணக்கு சரிதான். ஆனால் அதைவிட அவசரமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐயா, தயவுசெய்து இப்போது ஃபார்மட் சி என்று கொடுத்துவிடாதீர்கள். உங்கள் அச்சகத்தின் கோப்புகள் அனைத்தும் அந்த ஒரு கட்டளையில் போய்விடும்.

பிளாப்பியிலிருந்து இயங்கும் டாஸ், சி, டி போன்ற டிரைவ் எழுத்துகளை வழங்கும் முறை இது: முதலில் ஒவ்வொரு வட்டிலும் உள்ள பிரைமரி (முதன்மை) பார்ட்டிஷனுக்கு வரிசையாக எழுத்து கொடுக்கும், அதன் பிறகே எக்ஸ்டெண்டட் (நீட்டிப்பு) பகுதிக்குள் இருக்கும் லாஜிக்கல் டிரைவ்கள் என்ற உட்பிரிவுகளுக்குக் கொடுக்கும். உங்கள் புதிய வட்டில் இன்னும் எந்தப் பார்ட்டிஷனும் இல்லை. ஆகவே அது மாஸ்டராக இருந்தாலும் அதற்கு எழுத்தே கிடையாது, இந்த நிமிடத்தில் சி என்பது ஸ்லேவாக இருக்கும் உங்கள் பழைய வட்டு. எஃப்டிஸ்க்கில் பார்ட்டிஷனை உருவாக்கிய பிறகும் கணினியை மறுபடி தொடங்கும் வரை இந்த எழுத்துகள் மாறுவதில்லை. அவசரத்தில் மறுதொடக்கத்தை விட்டுவிட்டு ஃபார்மட்டுக்குப் போனவர்கள் கோப்புகளை இழந்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். எல்லாத் தரவும் அழிந்துவிடும் என்ற எச்சரிக்கை புதிய வட்டுக்கும் பழைய வட்டுக்கும் ஒரே வாசகமாக வருவதால், அது எந்த வட்டைப் பற்றியது என்று அதைப் படித்து அறிய முடியாது.

எனவே கணினியை அணைத்து, பழைய வட்டின் மின்சார இணைப்பையும் கேபிளையும் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். சில வட்டுகளில் தனித்து இருப்பதற்கும் மாஸ்டராக இருப்பதற்கும் ஜம்பர் (வட்டிலுள்ள சிறு செருகி) அமைப்பு வேறு வேறாக இருக்கும். வட்டின் மேல் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். புதிய வட்டு முழுமையாகத் தயாராகும் வரை பழையது பெட்டிக்குள் இருக்கக் கூடாது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. படித்ததும் கை நடுங்கிவிட்டது. உடனே பழைய வட்டைக் கழற்றிவிட்டேன். திருத்திய எஃப்டிஸ்க்கும் நண்பர் ஒருவர் மூலம் கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்று புரியவில்லை. வட்டில் எதுவுமே இல்லாதபோதும் பிளாப்பியிலிருந்து தொடங்கியதும், கோப்புகளைப் பட்டியலிட டிர் சி என்று கொடுத்தால் சில கோப்புகளின் பெயர்கள் வருகின்றன. பழைய வட்டு மேசை மேல் இருக்கும்போது இது எப்படி?

இரண்டாம் பதில் எழுதியவர்

அது ராம் டிரைவ். விண்டோஸ் 98 பிளாப்பி, நினைவகத்தில் சிறிய டிரைவ் ஒன்றை உருவாக்கி, இபிடி என்ற கேப் கோப்புக்குள் சுருக்கி வைத்திருக்கும் கருவிகளை அதில் விரித்து வைக்கும். ஃபார்மட் கட்டளையும் அங்கேதான் இருக்கிறது. வேறு வட்டு எதற்கும் எழுத்து இல்லாதபோது சி என்ற எழுத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். டிர் பட்டியலின் தலையில் எம்எஸ் ராம்டிரைவ் என்ற பெயர் இருக்கும், பாருங்கள். பார்ட்டிஷன் போட்டு மறுபடி தொடங்கியதும் அது அடுத்த எழுத்துக்கு நகர்ந்துவிடும்.

இதிலிருந்தே நல்ல சோதனை ஒன்றும் கிடைக்கிறது. ஃபார்மட் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் டிர் கொடுத்துப் பாருங்கள். மீடியா வகை செல்லாது என்ற பிழைச்செய்தி வந்தால் அது இன்னும் ஃபார்மட் செய்யப்படாத புதிய பார்ட்டிஷன், தயங்காமல் தொடரலாம். கோப்புப் பெயர்கள் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

முதல் பதில் எழுதியவர்

பிரிக்கும் அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எஃப்டிஸ்க் தொடங்கும்போது பெரிய வட்டு ஆதரவு வேண்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொன்னால்தான் ஃபேட்32 என்ற கோப்பு முறை கிடைக்கும், இல்லையென்றால் ஒவ்வொரு பார்ட்டிஷனும் 2 ஜிபியோடு நின்றுவிடும். அடுத்து, முழு அளவையும் பிரைமரிக்கே கொடுக்கவா என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்லி, 8,000 எம்பி என்று எண்ணாகக் கொடுங்கள். 8 ஜிபிக்குள் இருந்தால் ஃபேட்32 கிளஸ்டர், அதாவது கோப்புக்கு ஒதுக்கும் மிகச்சிறிய இட அலகு, 4 கேபியாக அமையும். 32 ஜிபியைத் தாண்டினால் அது 32 கேபி ஆகிவிடும். ஒவ்வொரு கோப்பிலும் சராசரியாகப் பாதி கிளஸ்டர் வீணாகும் என்று வைத்துக்கொண்டால், 20,000 சிறு கோப்புகளுக்கு முதல் வகையில் 40 எம்பியும் இரண்டாம் வகையில் 320 எம்பியும் வீணாகும். எழுத்துருக்களும் சிறு படங்களும் நிறைந்த உங்கள் வேலைக்கு இது பொருட்படுத்தத் தக்கது.

மீதி இடத்தை எக்ஸ்டெண்டட் ஆக்கி, அதற்குள் இரண்டு லாஜிக்கல் டிரைவ்களைப் போடுங்கள். ஒன்றாகவே விட்டால் 68,000 எம்பிக்கு மேல் போகும். 64 ஜிபியைத் தாண்டிய பார்ட்டிஷனுக்கு ஃபார்மட் கட்டளையும் தவறான அளவையே காட்டும். அது முழு இடத்தையும் ஒழுங்காகவே ஃபார்மட் செய்யும் என்றாலும், மறுபடியும் நீங்கள் குழம்ப வேண்டாம்.

முழு அளவையும் பிரைமரிக்குக் கொடுக்காதபோது எஃப்டிஸ்க் அதைத் தானாக ஆக்டிவ் (கணினி தொடங்கும் பகுதி) ஆக்குவதில்லை. பட்டியின் 2-ஆம் தேர்வில் நீங்களே ஆக்டிவ் ஆக்க வேண்டும். அதை மறந்தால் வன்தட்டிலிருந்து கணினி தொடங்காது.

மூன்றாம் பதில்

திருத்திய எஃப்டிஸ்க் கிடைக்காமல் இதைப் படிப்பவர்களுக்கு: சிறிய லினக்ஸ் குறுவட்டு ஒன்றிலிருந்து அதே கணினியைத் தொடங்கி, அதிலுள்ள எஃப்டிஸ்க்கைப் பயன்படுத்தலாம். டபிள்யூ கொடுக்கும் வரை அது வட்டில் எதையும் எழுதுவதில்லை என்பதால், தவறு தெரிந்தால் க்யூ கொடுத்து வெளியேறிவிடலாம். 8 ஜிபி எல்லைக்கு அப்பால் செல்லும் ஃபேட்32 பார்ட்டிஷனுக்கு வகை எண்ணை 0பி என்று வைக்காமல் 0சி என்றும், எக்ஸ்டெண்டடுக்கு 05-க்குப் பதில் 0எஃப் என்றும் வையுங்கள். வட்டைக் கழற்றி வேறு கணினியில் பிரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வட்டில் இடத்தைக் குறிக்கும் ஹெட், செக்டர் எண்ணிக்கையை இரண்டு பயாஸ்களும் வேறு வேறாகக் கணக்கிட்டால் பழைய டாஸ் தடுமாறும்.

கேட்டவர்

வேலை முடிந்தது. திருத்திய எஃப்டிஸ்க் 76,316 எம்பி என்று காட்டியது. 8,000, 30,000, மீதி 38,300 அளவில் என மூன்றாகப் பிரித்து, முதலாவதை ஆக்டிவ் ஆக்கி, மறுபடி தொடங்கி டிர் கொடுத்தபோது நீங்கள் சொன்ன பிழைச்செய்தி வந்தது. அதன் பிறகே மூன்றையும் ஃபார்மட் செய்து விண்டோஸை நிறுவினேன்.

பின்னர் பழைய வட்டை ஸ்லேவாக இணைத்தபோது, அது டி என்ற எழுத்தை எடுத்துக்கொள்ள, புதிய வட்டின் லாஜிக்கல் டிரைவ்கள் ஈ, எஃப் என்று நகர்ந்துவிட்டன. எழுத்து வழங்கும் முறையை முன்பே விளக்கியிருந்ததால் குழப்பமின்றி டியிலிருந்து ஈக்கு நகலெடுத்தேன். சத்தமிடும் வட்டு இரண்டு கோப்புறைகளில் சற்றுத் திணறியது, ஆனால் அனைத்தும் வந்துவிட்டன. பழைய வட்டைக் கழற்றியதும் எழுத்துகள் பழைய நிலைக்குத் திரும்பின. எழுத்துரு மென்பொருளை மறுபடி நிறுவி, பூட்டைச் செருகிப் பார்த்தேன். 2003-இல் செய்த அழைப்பிதழ் கோப்பு ஒன்று எழுத்து பிசகாமல் திறந்தது.

முதல் பதில் எழுதியவர்

மகிழ்ச்சி. வட்டு பயன்படுத்தியது என்பதால், ஃபார்மட் முடிவில் பழுதான செக்டர்கள் எவையேனும் காட்டியதா என்று மட்டும் சொல்லுங்கள்.

கேட்டவர்

மூன்றிலும் அப்படி ஒரு வரி வரவில்லை, ஐயா.