குளிர்காலத்தில் சோளக்காரிகள் என்ன விற்றார்கள்?

நியூயார்க்கில் ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த ஃபைவ் பாயிண்ட்ஸ் பகுதியை, 1850களை வைத்து ஒரு நாடகம் எழுதுகிறேன். பாதியில் நிற்கிறது. நாயகி தெருவில் அவித்த சோளம் விற்கும் ஐரிஷ் பெண். கோடைக் கடைசியில் ராத்திரி வரை "சூடான சோளம்" என்று கூவி விற்பார்கள், அதுவரை சரி. ஆனால் என் கதை ஜனவரியில் நடக்கிறது. அப்போது இளங்கதிர் ஏது?

1855 மாநிலக் கணக்கெடுப்பில் தையல்காரி, வீட்டு வேலைக்காரி என்றுதான் கண்ணில் படுகிறது. நகர முகவரிப் புத்தகம் பெரும்பாலும் குடும்பத் தலைவரோடு நின்றுவிடுகிறது. அக்காலப் பத்திரிகைகளில் அந்தப் பக்கத்துக் கும்பல்கள் மோதிக்கொண்ட 1857 ஜூலை 4 கலவரத்துக்குப் பத்தி பத்தியாக இடம் இருக்கிறது (அடிதடி என்றால் எந்த ஊரிலும் அப்படித்தான்). கரி பொறுக்கினாள் என்று எழுதிவிடலாம், ஆனால் ஆதாரம் வேண்டும்.

அந்தப் பெண்களின் பனிக்காலப் பிழைப்பைச் சொல்லும் மூல ஆவணம் எங்கே கிடைக்கும்?