எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட்: ‘விரிவு இணைப்பு’ ஒப்பவில்லை

எல்லாருக்கும் வணக்கமுங்க.

நம் கலைச்சொல் பட்டியலின் பாலங்கள் பகுதியில் ‘எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட்’ என்பதற்கு ‘விரிவு இணைப்பு’ என்று ஏற்றியிருப்பதைப் பார்த்தேன். ஈரோட்டிலிருந்து பள்ளிபாளையத்துக்குக் காவிரியைத் தாண்டும்போது பஸ் சக்கரம் தடக் தடக் என்று போகுமே, அந்த இடம்தான் இது. அங்கே எதையும் இணைக்கவில்லை. வேண்டுமென்றே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

30 மீட்டர் கான்கிரீட் தளம் 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டித் தண்ணி ஊற்றினால் இறுகிப் பிடிக்கும் அல்லவா, அதே குணம்தான். நீள இடம் இல்லாவிட்டால் ஒரு தளம் அடுத்த தளத்தை நெட்டும்.

‘விரிவு மூட்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நம்ம ஊரில் மூட்டு என்றால் முதலில் மூட்டின லுங்கிதான் ஞாபகம் வரும். அங்கே இடைவெளி தெரிந்தால் தையல்காரரைத் திட்டுவோம்! என் பரிந்துரை ‘விரிசந்து’. உடம்பில் எலும்பு பொருந்தும் இடமும் சந்து, கதவோரம் வெளிச்சம் வரும் இடைவெளியும் சந்து. பொருத்தும் இடைவெளியும் சேர்ந்த சொல் வேறு எங்கே கிடைக்கும்?

இதற்கு இத்தனை மெனக்கெடக் காரணம் இருக்கிறது. பாலத்தின் மூப்பு பெரும்பாலும் இந்தச் சந்தில்தான் தொடங்கும். மேலே உள்ள ரப்பர் கிழிந்ததும் மழைத்தண்ணி சேற்றோடு இறங்கி, தூண் தலையில் இருக்கும் தாங்கியை (வேலையிடத்தில் பேரிங்) நனைக்கும். தாங்கி துருப்பிடித்து இறுகிவிட்டால் தளம் நகர முடியாது. பிறகு அது தூணையே இழுக்கும். திருச்சி காவிரிப் பாலம் 1976-இல் திறந்தது. 2022 நவம்பரில் அதை மூடி, மாதக்கணக்கில் பார்த்த வேலையில் சந்தும் தாங்கியும்தான் முக்கியம். அப்புறம் பக்கத்திலேயே புதுப் பாலத்துக்கு வேலை தொடங்கினார்கள்.

– ஈரோட்டுக்காரன்

மறுமொழி:

அண்ணா, சந்து நல்லாருக்குங்க. உக்கடத்தில் சந்து என்றால் முடுக்கு என்பார்களே என்று முதலில் யோசித்தேன். பாலத்துக்கு நடுவில் யாரும் முடுக்கைத் தேடமாட்டார்கள், விட்டுவிட்டேன். ஆனால் ‘விரி’ உதைக்குதுங்க. வெயிலில் விரிவது தளம். அப்போது சந்து சுருங்கும். மார்கழிக் குளிரில்தான் சந்து அகலும். ‘விரிசந்து’ என்று படிக்கிற பையன் தலைகீழாகப் புரிந்துகொள்வானே?

– கோவையிலிருந்து

மறுமொழி:

அம்மிணி சொன்னது சரி. வினைத்தொகை அழகில் மயங்கிவிட்டேன்.

நேற்று ஒரு மேஸ்திரியிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் ‘ஜாயிண்ட்’ என்றே சொல்லவில்லை. “ஒரு இஞ்ச் விட்டுக் கட்டோணுமுங்க” என்றார். அந்த ‘விடு’ போதும். ‘விடுசந்து’. எது விரிகிறது, எது சுருங்குகிறது என்ற வழக்கே இல்லை. தெரிந்தே விட்ட இடம், அவ்வளவுதான்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. புதுப் பாலங்களில் பல தளங்களைத் தொடர்ச்சியாக வார்த்துச் சந்துகளைக் குறைக்கிறார்கள். சிறு பாலங்களில் தளத்தையும் தூணையும் ஒன்றாகவே வார்த்துச் சந்தே இல்லாமலும் கட்டுகிறார்கள். அதைச் ‘சந்திலாப் பாலம்’ என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ‘விரிவு இணைப்பு’ வைத்திருந்தால் ‘விரிவு இணைப்பற்ற பாலம்’ என்று எழுத வேண்டும். அதைப் படித்தால் பாலம் பாதியில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

மறுப்பு இல்லையென்றால் இப்படி ஏற்றுகிறேன்:

விடுசந்து – தளத்துண்டுகள் நீளவும் குறுகவும் விட்டுக் கட்டும் இடைவெளி. எ.கா.: விடுசந்தில் மண் அடைத்தால் தளம் நகராது.

அடுத்தது ‘பியர்’. தூண் என்று பட்டியலில் இருக்கிறது. எங்கள் பக்கம் பாலத்துக்குக் கால்தான். அதை நாளைக்குச் சண்டை போடலாமுங்க.

– ஈரோட்டுக்காரன்