புதுப்பிப்பு: கேம்ஷாஃப்ட் மாற்றியபின் கம்ப்ரஷன் குறைந்த வி8, காரணம் கிடைத்தது

முந்தைய பதிவின் சுருக்கம்: பெரிய கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்டபின் எட்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது காற்றை அழுத்தும் அளவு, 110 பிஎஸ்ஐதான், கீழ் ஆர்பிஎம்மில் இழுவையே இல்லை. வால்வ் வளைந்திருக்கும் என்று பலர் சொன்னீர்கள். எட்டும் ஒரே அளவில் குறைந்தால் முதலில் டைமிங்கைத்தான் (கிராங்க் சுழற்சியோடு வால்வ் திறந்து மூடும் நேரம் பொருந்துவதை) சந்தேகிக்க வேண்டும்.

அதுவேதான். பிஸ்டன் ஸ்டாப் (பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் கருவி) வைத்து டாப் டெட் சென்டரை (பிஸ்டன் உச்சிக்கு வரும் நிலை) உறுதிசெய்து, கிராங்கில் டிகிரி வீல் (கோணம் காட்டும் தட்டு) மாட்டி, இன்டேக் லிஃப்டரில் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் பாகம்) அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்தேன். லிஃப்டர் உச்ச உயரத்தைவிட 0.050 அங்குலம் குறைவாக இருக்கும் இடங்களில், உச்சத்துக்கு முன் 96°, பின் 160°; சராசரி 128°, அதுதான் உச்சத்தின் இடம். கேமோடு வந்த அளவு அட்டையில் (கேம் கார்டு) 110°. வித்தியாசம் 18°: 40 பல் கேம் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) சரியாக ஒரு பல் (ஒரு பல் கேமில் 9°; கேம் ஒரு சுற்று சுற்ற கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதால் கிராங்கில் 18°). இன்டேக் வால்வ் தாமதமாக மூடியதால் உள்ளே வந்த காற்று திரும்பப் போயிருக்கிறது.

கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் மூன்று சாவிப்பள்ளம், மூன்று குறி. பள்ளம் சரி, குறிதான் மாறிவிட்டது. (அந்தக் குறிகளை இன்னும் தெளிவாகப் பொறிக்கலாம்!)

அளக்கும்போது கிராங்கைச் சுழலும் திசையிலேயே திருப்புங்கள். பின்னால் திருப்பினால் செயின் தளர்வும் கணக்கில் சேரும். கேம் பிந்தினால் எக்ஸாஸ்ட் வால்வ்தான் பிஸ்டனை நெருங்கும்; அதனால் பிஸ்டன் மேல் களிமண் வைத்து அது நசுங்கும் அளவைப் பார்த்தேன், 0.100 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது. குறியைச் சரிசெய்தபின் இப்போது 110°, கம்ப்ரஷன் 175 பிஎஸ்ஐ.